'மனமுடைந்தான்' என்று எழுதாமல் ஏமாற்றத்தை எழுதுவது எப்படி?

புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் பக்கங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: 'அவன் மனமுடைந்து போனான்.' என்னுடைய பழைய நோட்டிலும் இருக்கிறது, ஏழெட்டு இடங்களில். எழுதியவருக்கு உடைந்திருக்கலாம், படிக்கிறவருக்கு எதுவும் உடைவதில்லை.

ஒரு சின்னக் கதையை வைத்துச் செய்து பார்ப்போம். ஆள் பெயர் குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதியிருக்கிறான். சான்றிதழ் சரிபார்ப்புக்கான பட்டியல் வந்துவிட்டது. அதில் அவன் எண் இல்லை.

முதல் படி: எந்த உணர்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

பஸ் வரவில்லையென்றால் எரிச்சல். வந்த பஸ் நிற்காமல் போனால் ஏமாற்றம். பல வருடம் அதே நிறுத்தத்தில் நின்றுவிட்டு, பஸ் வந்து நின்றாலும் ஏறத் தோன்றவில்லையென்றால் விரக்தி. (வடமொழியில் விரக்திக்குப் பற்றின்மை என்று பொருள். துறவிக்குரிய சொல், நம்மிடம் வந்து வேலை கிடைக்காதவனுக்கு உரியதாகிவிட்டது.) எனக்குப் பிடித்த சொல் ஆற்றாமை. டீ ஆறுகிறது, புண் ஆறுகிறது. ஆறாமல் கிடக்கும் மனசு என்றுதான் எனக்கு அந்தச் சொல் கேட்கிறது.

குமார் எழுதியது முதல் முறையென்றால் ஏமாற்றம். மூன்றாவது முறையென்றால் ஆற்றாமை. நான் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: முதலில் ஆசையை எழுதுங்கள்

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பட்டியல் வரும் காட்சியிலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவன் என்ன எதிர்பார்த்தான் என்பதே தெரியாதபோது, அது போனதில் நமக்கு என்ன வருத்தம்?

'குமார் மிகவும் எதிர்பார்த்தான்' என்று எழுதினாலும் போதாது. ஆசையைக் கையில் எடுக்கக்கூடிய பொருளாக மாற்றுங்கள். சரிபார்ப்புக்கு வேண்டியிருக்கும் என்று சான்றிதழ்களை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கவரில் போட்டிருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு போதும் என்று கடைக்காரர் சொல்லியும் பதினாறாக வாங்கியிருக்கிறான். அம்மா பூக்காரம்மாவிடம், "அடுத்த மாசத்துலேருந்து கடன் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

இப்படி நான்கு எழுதிவிட்டு இரண்டை அடித்துவிடுங்கள். நான் போட்டோவையும் பூக்காரம்மாவையும் வைத்துக்கொள்வேன். அப்புறம் பாருங்கள், பட்டியல் வந்த பிறகு அந்தப் போட்டோக்களை மேசையில் வைத்தால் போதும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் படி: நூலிழையில் தவறவிடுங்கள்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. இத்தனை வருடமாகியும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்குப் பின்னால் வந்தவர்களை யாராவது நினைக்கிறோமா?

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு: 'விடை தெரியவில்லை.' குமார் ஒரு கேள்விக்குத் தயங்கித் தயங்கி அந்த வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பினான். வெளியே வந்து செருப்பைப் போடும்போது விடை ஞாபகம் வந்தது. அந்த ஒன்றரையில்தான் போச்சு என்று வைத்தால் கதை அங்கேயே காலூன்றிவிட்டது.

நான்காம் படி: உடம்பில் காட்டுங்கள்

தொல்காப்பியம் இதை மெய்ப்பாடு என்கிறது. உள்ளே இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், படுவது. எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்கு அது சொல்லும் காரணங்கள் நான்கு: இளிவு, இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. இளிவு, அதாவது பிறர் முன் தாழ்ந்துபோவது, முதலில் நிற்பதைக் கவனியுங்கள். வேலை கிடைக்காததைவிட, கிடைக்கவில்லை என்று தெருவில் சொல்ல வேண்டியிருப்பதுதான் குமாருக்குப் பெரிய பாடு. அதனால் நான் அவனை வீட்டில் அழவைக்க மாட்டேன். பூக்காரம்மா வரும் நேரத்துக்கு வாசலில் நிறுத்துவேன்:

'பட்டியலை இரண்டு தடவை கீழே வரை தள்ளிப் பார்த்தான். செல்லைச் சட்டைப் பையில் போட்டான். மறுபடி எடுத்து, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். "தம்பி, அம்மா இல்லையா?" "இருக்காங்க. இன்னைக்குப் பூ வேணாமாம்." அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.'

உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. எழுதியதும் இப்படி ஒருமுறை சலித்துப் பாருங்கள். சோகம், வேதனை, ஏக்கம், கண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டபின் காட்சி நிற்கிறதா? நின்றால் சரி.

ஐந்தாம் படி: கோபம் தப்பான ஆளிடம் போகட்டும்

என் கதை ஒன்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த அன்று, ரசத்தில் உப்பு இல்லையென்று அம்மாவிடம் கத்தினேன். உப்பு இருந்தது. ஆசிரியரிடம் கத்த முடியாது, அம்மாவிடம் முடியும், அவ்வளவுதான் கணக்கு. 1939-இலேயே யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கொள்கை வகுத்தார்கள்: தடைபட்ட ஆசை கோபமாகிறது, தடுத்தவரை எட்ட முடியாவிட்டால் வேறு பக்கம் திரும்புகிறது. குமாரும் யாரிடமாவது கத்தட்டும். அவன் நல்லவனாகவே இருக்க வேண்டியதில்லை.

அது உங்கள் ஏமாற்றமாகவே இருந்தால்

அன்றே கதையாக்காதீர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், வெறும் புகார் மனுதான் வந்தது. அதற்குப் பதில், யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மனதை அழுத்தும் விஷயத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே மனசு கனத்துத்தான் இருந்தது. பலன் பின்னாலேதான் தெரிந்தது. பிழை, நடை எதையும் பார்க்க வேண்டாம், எழுதிவிட்டுக் கிழித்தும் போடலாம். எழுத எழுதக் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் போய்விட்டதென்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

மனசு ஆறியபின் அந்த நாளிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்துக் கதைக்குக் கொண்டுவாருங்கள். உப்பு ரசத்தை நான் எடுத்துக்கொண்டேன். குமாரின் பதினாறு போட்டோவை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பட்டியல் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, ஜவுளிக்கடைக்காரர் ஆதார் நகலோடு போட்டோ இரண்டு கேட்கிறார்.