பிரிட்டிஷ் லேட் நைட் ஷோவுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பிரிட்டனில் இரவு நேர டாக் ஷோ ஒன்று முடியப்போகிறது என்றதும் 'அடுத்து யார்?' என்ற பேச்சு கிளம்பிவிடும். பெயர்ப் பட்டியலிலிருந்து ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, வாரத்துக்கு எத்தனை முறை, விருந்தினர்கள் ஒவ்வொருவராக வருவார்களா, ஒன்றாக உட்காருவார்களா என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். ஒவ்வொரு அமைப்புக்கும் தேவைப்படும் திறமை வேறு.

அமெரிக்க ஷோவை அப்படியே இறக்குமதி செய்யும் ஆசை இன்னும் போகவில்லை. மேசை, பின்னால் நகரத்தின் இரவுக் காட்சி, நின்றபடி அன்றைய செய்திகளைக் கலாய்க்கும் தொடக்கப் பேச்சு, வாரம் 5 இரவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவுக்கு 3 விருந்தினர் என்றால் வாரத்துக்கு 15 பேர். 40 வாரம் ஓட்டினால் 600 பேர். லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் நடிகர்கள் குடியிருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். லண்டனுக்கு ஹாலிவுட் நட்சத்திரங்கள் பெரும்பாலும் படம் வெளியாகும் சமயத்தில் வந்து, ஒன்றிரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். வாரம் ஒரு ஷோ என்றால் அந்த ஓரிரு நாளில் மூன்று நான்கு பேரைப் பிடித்துவிடலாம். தினமும் என்றால் புதன்கிழமைக்குள் கை காலியாகிவிடும்.

2017-இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தனியார் தொலைக்காட்சி இதைத்தான் செய்து பார்த்தது. பிப்ரவரி கடைசியில் தொடங்கிய 'தி நைட்லி ஷோ', 8 வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 10 மணிக்கு அரை மணி நேரம் ஓடியது. அதற்காக, பல வருடங்களாக மக்களுக்குப் பழகிப்போன 10 மணிச் செய்தியை 10.30-க்குத் தள்ளினார்கள். அதைவிடப் பெரிய பிழை, தொகுப்பாளரை மாற்றிக்கொண்டே இருந்தது. முதல் வாரம் டேவிட் வாலியம்ஸ், அடுத்த வாரம் ஜான் பிஷப் என்று போனது. புதிய மேடையில் ஒருவருக்குக் கை பழகவே நாலைந்து நிகழ்ச்சி வேண்டும். பழகிய வெள்ளிக்கிழமையே அவரை அனுப்பிவிட்டால், திங்களன்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். இரவு நேர ஷோவை மக்கள் பார்ப்பதே ஒரு முகத்துக்குப் பழகித்தான். அந்த முகம் நிலைக்காததால் ஷோவும் நிலைக்கவில்லை. இரண்டாவது சீசன் வரவே இல்லை.

அடுத்தது, வேறு வேலையில் புகழ்பெற்றவரைக் கொண்டுவந்து சோஃபாவுக்கு எதிரே உட்கார வைப்பது. டவினா மெக்கால் 'பிக் பிரதர்' (நம்மூர் 'பிக் பாஸ்' போன்ற நிகழ்ச்சி) நேரலையில் அபாரமானவர். கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே, வெளியேறுகிறவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நிகழ்ச்சியை வினாடி பிசகாமல் நகர்த்துவார். 2006-இல் பிபிசி ஒன் அவர் பெயரிலேயே ஒரு டாக் ஷோ தந்தது. ஒரே சீசனோடு நின்றது. அவரிடம் குறை இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. நேரலையில் நேரத்தை நகர்த்துவது ஒரு திறமை. எதிரே இருப்பவர் யோசிக்கும் மூன்று வினாடி மௌனத்தைக் கலைக்காமல் விடுவது வேறொரு திறமை. இந்த ஒரு தோல்வியை வைத்து 'பெண்கள் நடத்தினால் எடுபடாது' என்று முடிவு கட்டுவது இன்னும் மோசமான தவறு. எத்தனையோ ஆண்களின் ஷோக்களும் ஒரே சீசனில் மூடப்பட்டிருக்கின்றன. அப்போது யாரும் 'ஆண்களுக்கு இது வராது' என்று சொன்னதில்லை.

சரியான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: விடுமுறைக்கு மாற்றாள். 1997-இல் சேனல் 5-இல் ஜாக் டாக்கர்ட்டி வாரம் 5 இரவு ஷோ நடத்திக்கொண்டிருந்தார். அவர் விடுப்பில் போனபோது, பின்னாளில் தன் பெயரிலேயே டாக் ஷோ நடத்திப் புகழ்பெற்ற கிரஹாம் நார்ட்டன் வந்து உட்கார்ந்தார். அந்த வருட பிரிட்டிஷ் காமெடி விருதில் சிறந்த புதுமுகம் நார்ட்டன்தான். போட்டியில் இருந்தவர்களில் டாக்கர்ட்டியும் ஒருவர். விளம்பரம் இல்லாமல், எதிர்பார்ப்பு இல்லாமல் ஒருவரைச் சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

'பத்திரிகையாளரா, காமெடியனா?' என்பதும் தவறான கேள்வி. மைக்கேல் பார்க்கின்சன் பத்திரிகை நிருபராக இருந்து வந்தவர். 1971-இல் தொடங்கிய அவர் ஷோவில் விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நீளமாகக் கேட்டு, நீளமாகப் பேசவிடும் அமைப்பு அது. நார்ட்டன் ஷோவில் தொடக்கத்திலேயே எல்லோரும் ஒரே சோஃபாவில். அங்கே தொகுப்பாளரின் வேலை பேட்டி எடுப்பதல்ல, பந்தி பரிமாறுவது. ஒருவர் கதை சொல்லும்போது, பத்து நிமிடமாக வாய் திறக்காத மூன்றாமவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். கதை முடிந்ததும் அவரைப் பேச்சுக்குள் இழுக்க வேண்டும். சோஃபாவில் யார் யார் என்பதும் கவனம் தேவைப்படும் விஷயம். ஒரே படத்தின் மூன்று நட்சத்திரங்களை உட்கார வைத்தால் அது விளம்பரமாகிவிடும். 1993-இல் மைக்கேல் ஆஸ்பெல் ஷோவுக்கு ஹாலிவுட் நடிகர்கள் புரூஸ் வில்லிஸ், சில்வெஸ்டர் ஸ்டலோன், அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் மூவரும் ஒன்றாக வந்தார்கள். பேச்சு அவர்களுடைய உணவகத்தைச் சுற்றியே ஓடிப் பெரிய கண்டனத்துக்கு ஆளானது.

கேள்வி அட்டையைக் கையாள்வதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஒளிப்பதிவுக்கு முன்பே நிகழ்ச்சிக் குழுவின் ஆய்வாளர்கள் விருந்தினரிடம் பேசி, சொல்லத்தக்க கதைகளை அந்த அட்டையில் குறித்துத் தருவார்கள். அனுபவமில்லாத தொகுப்பாளர், 'நீங்கள் குதிரையிலிருந்து விழுந்து, அதுவும் இயக்குநர் மேலேயே விழுந்தீர்களாமே?' என்று கேட்பார். கதை முடிந்துபோயிற்று. விருந்தினருக்கு 'ஆமாம்' என்பதைத் தவிர மிச்சமில்லை. 'குதிரையேற்றம் எப்படிப் போனது?' என்று கேட்டால் போதும், விழுந்ததை அவரே சொல்லிக்கொள்வார்.

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதும் முக்கியம். கிளைவ் ஆண்டர்சன் வழக்கறிஞராக இருந்தவர், சொல்வீச்சில் கெட்டிக்காரர். 1990-களில் தன் ஷோவுக்கு வந்த 'பீ ஜீஸ்' பாப் இசைக்குழுச் சகோதரர்களிடம் வார்த்தைக்கு வார்த்தை குத்திக்கொண்டே இருந்தார். அரங்கம் சிரித்தது, பாரி கிப் எழுந்து போய்விட்டார், தம்பிகளும் பின்னாலேயே போனார்கள். பார்க்கின்சனுக்கும் 2003-இல் ஹாலிவுட் நடிகை மெக் ரயனோடு பேச்சு உறைந்துபோனது. 'என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று அவர் கேட்க, முடித்துக்கொள்ளலாமே என்றார் ரயன். அத்தனை வருட அனுபவசாலிக்கே இந்த நிலை என்றால், முகம் சுருங்கிய விருந்தினரிடம் அடுத்து என்ன கேட்பது என்பதைப் புதியவர் முன்கூட்டியே பழகியாக வேண்டும்.

ஆசிய வம்சாவளியினர் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் தொடங்கிய 'தி குமார்ஸ் அட் நம்பர் 42' என்ற காமெடி ஷோவில் சஞ்சீவ் பாஸ்கர் உண்மையான நட்சத்திரங்களைப் பேட்டி கண்டார், ஆனால் கற்பனைக் குடும்பத்தின் மகன் வேடத்தில். வேடமில்லாமல் சொந்த முகத்தோடு அந்த நாற்காலி கிடைப்பது இன்றும் அரிது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கிராலி நகரில் பிறந்த காமெடியன் ரொமேஷ் ரங்கநாதன் பெயரை நம்மவர்கள் ஆர்வமாகச் சொல்வதுண்டு. தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகச் சொன்னால் அதுவும் தவறுதான். முன்னாள் கணக்கு வாத்தியார். 'தி ரங்கநேஷன்' ஷோவில் ஒரு கூட்டம் சாதாரண மக்களை ஒரே நேரத்தில் பேசவிட்டுச் சமாளித்தவர். வகுப்பறையில் கடைசி பெஞ்சைக் கவனிக்கிற அந்தப் பழக்கம் சோஃபாவுக்கு அப்படியே பொருந்தும். அதைச் சொல்லிப் பரிந்துரையுங்கள்.

வெள்ளோட்டம் பார்க்கும்போது எளிதாகப் பேசும் நண்பர்களையே அழைப்பதைத் தவிருங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் ஒருவரையாவது கட்டாயம் உட்கார வையுங்கள். பிறகு பதிவைப் போட்டு, விருந்தினர் பேசும் நேரங்களில் தொகுப்பாளரின் கண்ணை மட்டும் பாருங்கள்: அட்டையில் இருக்கிறதா, பேசுகிறவர் முகத்தில் இருக்கிறதா என்று.