ஒரு கிளாஸ் வெறுந்தேநீரைப் பல கலைப் பாணிகளில் ஒளிப்படமெடுத்தல்

திருகோணமலையில் ஒளிப்படம் எடுக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் கோணேசர் கோயில் மலைமுனைக்கோ நிலாவெளிக் கடற்கரைக்கோ கமராவோடு புறப்பட்டுவிடுகிறார்கள். அங்கே காட்சியே அழகாக இருப்பதால் படமும் அழகாக அமைந்துவிடுகிறது. எடுத்தவர் என்ன தீர்மானித்தார் என்பது அதில் தெரிவதில்லை. பாணியைக் கற்க விரும்புபவர், வீட்டில் எந்நேரமும் கைக்கெட்டும் சாதாரணப் பொருள் ஒன்றைத் தெரிந்து, அதையே திரும்பத் திரும்ப எடுப்பதே நல்ல வழி. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பின்னணி எவ்வளவு இருட்டாக இருக்கிறது, கமரா எந்த உயரத்தில் நிற்கிறது, சட்டகத்துக்குள் எதை விடுகிறோம் ஆகிய நான்கும் படம் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். பிறகு செயலியில் ஃபில்டர் போட்டு அவற்றை வரவழைக்க முடியாது.

நான் பரிந்துரைப்பது தேநீர்க் கடையில் தருவது போன்ற சாதாரணக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிய வெறுந்தேநீர். அதற்கு நிறம் உண்டு. ஒளி அதனூடே செல்லும். யன்னல் அதில் தெரியும். மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கத்திலிருந்து பார்த்தால் நீள்சதுரம். பிராக் நகரில் ஒளிப்படக் கலைஞர் ஜோசெப் சுடெக் 1940இல் தன் கலைக்கூட யன்னலைப் படமெடுக்கத் தொடங்கி, அதன் விளிம்பில் வைத்த தண்ணீர்க் கிளாசையும் அதில் சேர்த்துக்கொண்டார். பொருள் எளிமையானது என்பதால் படம் எளிமையாகிவிடாது என்பதற்கு அவை போதுமான சான்று.

முதலில் தேநீரைச் சரியாக்க வேண்டும். குடிப்பதற்கு ஏற்ற சாயம் படத்தில் கறுப்பாகவே விழும். ஆகவே வழமையான சாயத்தில் பாதியளவுக்கு வெந்நீர் சேர்த்து, கிளாசின் பின்னால் பிடித்த விரல் மங்கலாகத் தெரியும்வரை இளக்குங்கள். கிணற்று நீர் கடினமாக இருந்தால் சற்று நேரத்தில் மேற்பரப்பில் மெல்லிய ஆடை படரும். அதன்மேல் ஒளி பட்டதும் எண்ணெய் மிதப்பது போன்ற திட்டுகள் தோன்றும். சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் அந்த ஆடை படராது, நிறமும் கபிலத்திலிருந்து பொன்னிறத்துக்கு மாறும். விளிம்பில் ஒட்டிய குமிழிகளைக் கரண்டி நுனியால் எடுத்துவிட்டு, வெளிப்புறத்தைப் பழைய பருத்தித் துணியால் துடைத்து, அதன்பின் கிளாசை அடியில் மட்டும் பிடியுங்கள். கைரேகை ஒன்று இருந்தாலும் பக்க ஒளியில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒல்லாந்த நிலைப்பொருள் ஓவியத்திலிருந்து தொடங்கலாம். ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய அதே காலத்தில், ஹார்லெம் நகரில் வில்லெம் ஹேடா போன்றோர் கபிலமும் பச்சை கலந்த சாம்பலும் தவிர வேறு நிறத்தை அதிகம் சேர்க்காமல் மேசைப் பொருள்களை வரைந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சை, மேசை விளிம்பைத் தாண்டி நீட்டி நிற்கும் கத்திப்பிடி ஆகியவை அவற்றில் அடிக்கடி வரும். நேர் வெயில் விழாத யன்னல் ஒன்று உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி மேசையை இழுத்து, மற்ற யன்னல்களையும் கதவையும் சாத்திவிடுங்கள். வெளிச்சம் கடுமையாக இருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை யன்னலில் தொங்கவிட்டால் போதும். கறுப்புத் துணியைக் கிளாசுக்கு ஓரடி பின்னாலும், கறுப்புப் பிரிஸ்டல் மட்டையை வலப்பக்கம் ஒரு சாண் தூரத்திலும் நிறுத்துங்கள். அந்த மட்டைதான் நிழற்பக்கத்தை ஆழமாக்கும். அது இல்லாவிட்டால் எதிர்ச் சுவரின் வெள்ளை, நிழலைக் கழுவிவிடும். தேசிக்காய் ஒன்றின் தோலைச் சுருளாக உரித்துப் பக்கத்தில் விடுங்கள். அதைத் தவிர வேறு பச்சையோ சிவப்போ சட்டகத்தில் வேண்டாம். கமராவை மேசைமட்டத்துக்குச் சற்று மேலே முக்காலியில் வைத்து, வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள். இப்போது கிளாசின் இடத் தோளில் யன்னல், அதன் கம்பிகளோடு, சுண்டுவிரல் நகமளவில் வளைந்து தெரியும். பலர் அதை இடையூறு என்று நினைத்து அகற்றப் பார்ப்பார்கள். அதை விட்டுவையுங்கள், இந்தப் பாணியின் உயிர் அந்தச் சிறு யன்னலில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது 1920களின் நவீனப் பாணி. ஆந்திரே கெர்ட்டேஸ் 1928இல் பாரிசில் ஒரு தட்டின் விளிம்பில் முள்ளுக்கரண்டியைச் சாய்த்து வைத்து, அதையும் அதன் நிழலையும் மட்டுமே படமாக்கினார். அலங்காரம் எதுவும் அதில் இல்லை. இதற்கு மெல்லொளி உதவாது. முற்றத்து வெயில்தான் வேண்டும். ஆனால் நம் ஊரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்பதால் நிழல் அடியோடு ஒடுங்கிவிடும். பங்குனியிலும் புரட்டாதியிலும் காலை ஒன்பது மணியளவில் நிழல் ஏறத்தாழக் கிளாசின் உயரத்துக்கு நீண்டிருக்கும். அந்த அளவே எனக்கு மிகப் பிடித்தது. வெள்ளைத் தாளின்மேல் கிளாசை வைத்து, கதிரையில் ஏறி மேலிருந்து எடுங்கள். தேநீரினூடே சென்ற ஒளி குவிந்து, நிழலின் நடுவே ஒரு பிரகாசமான கோடாக விழுவதைக் காண்பீர்கள். கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது படத்தின் கருப்பொருளே அந்தக் கோடும் நிழலும்தான், கிளாஸ் இரண்டாம் இடம்.

கண்ணாடியைக் கோட்டோவியம் போலக் காட்ட ஒளியமைப்பு முறைகள் இரண்டு உண்டு. பின்னால் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் மட்டும் ஒளி விழச் செய்து, சட்டகத்துக்குச் சற்று வெளியே இருபக்கமும் கறுப்பு மட்டைகளை நிறுத்தினால், கிளாசின் விளிம்பு கறுத்த கோடாக வரும். பின்னணியைக் கறுப்பாக்கி இருபக்கமிருந்தும் ஒளி கொடுத்தால் அதே விளிம்பு வெண்கோடாகும். முதல் முறையில் எடுத்த படத்தை, கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) தன் இருட்டறையில் செய்துபார்த்த, ஒளியும் இருளும் ஓரளவு தலைகீழாகும் சோலரைசேஷன் முறைக்கும் பயன்படுத்தலாம். செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளியளவை மாற்றும் கேர்வ் கோட்டின் நடுப்பகுதியை உயர்த்தி, வலது முனையைக் கீழே இழுத்துவிடுங்கள். வெளிச்சமான பகுதிகள் இருளும். இடைநிறங்கள் வெள்ளி போல மின்னும். பின்னணியில் தேவையற்ற பொருள் ஒன்று இருந்தாலும் இது பாழாகும் என்பதால், படம் எடுக்கும்போதே சட்டகத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும்.

உணர்வுப்பதிவுப் (இம்ப்ரெஷனிசப்) பாணிக்குக் கிளாசை வெளியே கொண்டுசெல்ல வேண்டும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே ஒரே வைக்கோற்போர்களை வெவ்வேறு வெளிச்சங்களில் வரைந்து, அவற்றுள் பதினைந்தை 1891இல் பாரிசில் ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். டச்சுக் குடாக் கடற்கரை கிழக்கே பார்ப்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். விடியுமுன் போய், தாழ்ந்த மதில் ஒன்றில் கிளாசை வைத்து, முக்காலியை அசைக்காமல் அரைமணிக்கு ஒரு படமாக எடுங்கள். மாலையில் உட்துறைமுகப் பக்கம் அதே போலச் செய்யுங்கள். வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் விடியலின் நீலத்தையும் காலையின் பொன்னிறத்தையும் கமரா ஒன்றாக்கிவிடும்; ஆகவே பகலொளிக்கு, அதாவது 5500 கெல்வின் அளவில், கட்டாயம் பூட்டிவிடுங்கள். வெளிச்சம் குறைந்த அந்த முதல் நேரத்தில் ஷட்டர் வேகத்தை அரை விநாடியாக்கி, கமராவைக் கையில் எடுத்து, முதற் பாதியில் அசையாமல் பிடித்து மறுபாதியில் தொடுவானத்தோடு பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால், கிளாசின் உருவம் நிலைக்கும், கடல் தூரிகைத் தீற்றலாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தேநீரின் மேற்பரப்பு நடுங்கும், மணலும் விழும். அப்போது மதிலின் மறைவான பக்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அதே இடத்தில் கனவுருப் (சர்ரியலிசப்) பாணியையும் முயன்று பார்க்கலாம். தேநீர் நிறைந்த கிளாஸ் உருளை வில்லையாகச் செயற்பட்டு, தூரத்துக் காட்சியை இடவலமாகத் திருப்பும். கரையில் தெற்கே முகம் வைத்துக் கிடக்கும் வள்ளம் கிளாசுக்குள் வடக்கே பார்க்கும், தலைகீழாகாமல், தேநீரின் நிறத்தில். குவியத்தை வள்ளத்தில் வைக்காமல் கிளாசுக்குள் தெரியும் உருவில் வையுங்கள். வெளியே உள்ள வள்ளம் மங்கலானாலும் அடையாளம் தெரியட்டும்.

ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒருங்கே காட்டும் கனசதுரப் (கியூபிசப்) பாணிக்கு மாரிகால மேகமூட்டம் மிகவும் ஏற்றது, ஏனெனில் நிழல்கள் இடம் மாறாது. வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு மேசையைச் சுற்றி நடந்து, விளிம்பு, அடி, வாய், நிழல் என்று துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி எடுங்கள். டேவிட் ஹொக்னி 1980களின் தொடக்கத்தில் பொலரொயிட் படங்களைக் கொண்டு இவ்வாறே செய்தார். அச்சிட்டு மட்டையில் அடுக்கும்போது பொருத்துகளை மறைக்க வேண்டாம். வாயின் வட்டமும் பக்கத்தின் நேர்கோடும் ஒருங்கே தெரிவதுதான் நோக்கம்.

எல்லாவற்றையும் எடுத்து முடித்ததும், நிறமாற்றமே நோக்கமான விடியல் வரிசையை மட்டும் தனியே வைத்துவிட்டு, ஏனையவற்றின் பிரதிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி அருகருகே பாருங்கள். நிறம் போனதும் இரண்டு படங்கள் ஒன்று போலத் தோன்றினால், அவற்றுள் ஒன்றில் நீங்கள் மாற்றியது நிறத்தை மட்டுமே. அதை ஒதுக்கிவிட்டு, யன்னல் பக்கத்தையோ கமராவின் உயரத்தையோ மாற்றி மீண்டும் எடுங்கள்.