ரீஇஷ்யூ ரெக்கார்டு வாங்கறவங்க பண்ற தப்புங்க

மும்பை காலாகோடால இருந்த ரிதம் ஹவுஸ்ங்கற மியூசிக் கடைய 2016ல மூடினதுல இருந்து எனக்கு புது ரெக்கார்டுனா (ஊசி வச்சு ஓட்டற இசைத்தட்டு) பெரும்பாலும் ஆன்லைன்தான். அதுலயும் 300, 500 காப்பி மட்டும் போடற சின்ன லேபிள் (ரெக்கார்டு வெளியிடற கம்பெனி) பக்கம் ஒதுங்கிட்டோம்னா சம்பளம் எங்க போச்சுன்னே தெரியாது. மாட்டுங்கால உக்காந்துகிட்டு இத்தன வருஷமா நான் ஏமாந்தத சொல்றேன், நீங்களாவது உஷாரா இருங்க.

பெரிய தப்பு, எதுல இருந்து எடுத்தாங்கன்னு கேக்காம ரீஇஷ்யூ, அதாவது பழைய ஆல்பத்த மறுபடியும் போடற ரெக்கார்டு, வாங்கறது. மாஸ்டர் டேப், அதாவது ஒரிஜினல் ஒலிப்பதிவு டேப்ல இருந்து ரெக்கார்டு போட்டா அது ஒரு கதை, டேப் தொலைஞ்சு போய் பழைய ரெக்கார்டையே ஓட்டி கம்ப்யூட்டர்ல கரகர சத்தத்த தொடச்சு போட்டா அது வேற கதை. ரெண்டாவது மோசம்னு சொல்ல வரல, டேப்பே மிஞ்சாத பாட்டு எவ்வளவோ இருக்கு, நல்ல லேபிள்னா அத உள்ள நோட்ஸ்லயே எழுதிருவாங்க. எழுதலைன்னா ஒரு மெயில் போடுங்க, சின்ன லேபிள்ல பாதி நேரம் ஓனரே பதில் போடுவாரு. மழுப்பினா நான் வாங்கறதில்ல.

இதுல இன்னொரு கூத்து. ஐரோப்பால 1963க்கு முன்னாடி வெளிவந்த ஒலிப்பதிவுக்கு உரிமை காலம் முடிஞ்சிருச்சு, அதனால யார் வேணாலும் ஒரு சிடிய வச்சே ரெக்கார்டு போட்டு விக்கலாம். அப்படி ஒரு ஜாஸ் ரெக்கார்டு "180 கிராம்"னு தங்க கலர் ஸ்டிக்கர் பாத்து வாங்கினேன். பிரிச்சா கவர்ல சாக்ஸபோன் வாசிக்கறவர் முகம் பூரா புள்ளி புள்ளி, பழைய அட்டைய ஸ்கேன் பண்ணி அப்படியே பிரிண்ட் அடிச்சிருக்காங்க. அட்டைக்கே இந்த கதின்னா பாட்டு எப்படி இருக்கும்? 180 கிராம்ங்கறது பிளாஸ்டிக்கோட எடை சார், அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கோஷ்டி, போன வருஷம் லேப்டாப்ல ரெக்கார்டு பண்ண பேண்டோட புது ரிலீஸுக்கும் டேப் எங்கன்னு கேக்கும். டேப்பே இல்லப்பா அங்க.

ரெக்கார்டு கலர் கலரா வர்றது அழகுக்குத்தான், அதனால பாட்டு ஒண்ணும் இன்னும் நல்லா கேக்காது. தட்டுலயே படம் போட்டு வர்ற பிக்சர் டிஸ்க் மட்டும் வேணாம், பின்னாடி இரைச்சல் ஜாஸ்தி.

அப்புறம் விலை. 30 யூரோதானேன்னு தட்டிருவோம், ஷிப்பிங் கிட்டத்தட்ட அதே அளவு வரும், கூரியர்காரர் வாசல்ல நின்னுகிட்டு டியூட்டின்னு இன்னொரு பில்லு நீட்டுவாரு, அந்த நேரம் பாத்து வீட்டுல எல்லாரும் ஹால்லதான் இருப்பாங்க. நாங்க இப்ப செம்பூர், சயான் பசங்க நாலு பேரா சேந்து ஒரே பார்சலா போடறோம், ஷிப்பிங்காவது குறையுது. ப்ரீ ஆர்டர்ல போட்ட தேதிய நம்பி பிறந்தநாள் கிஃப்ட் பிளான் பண்ணாதீங்க, ரெக்கார்டு அச்சடிக்கற பிரஸ்ஸிங் ஃபேக்டரில சின்ன லேபிள் ஆர்டர் தள்ளித்தள்ளி போறது சகஜம்.

வந்ததும் சீல் பிரிக்காம அலமாரில வைக்கறது நம்ம ஊர் கிளைமேட்டுக்கு பெரிய தப்பு. மே மாச சூட்டுல அந்த பிளாஸ்டிக் இறுகினா அட்டையும் வளையும் தட்டும் வளையும், ஜூன்ல மழை வந்தா அட்டைல பூஞ்சை. பிளாஸ்டிக்க கழட்டிட்டு தட்ட நேரா நிக்க வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க.

அன்னிக்கே ரெண்டு பக்கமும் ஓட்டியும் பாருங்க. ஒரே இடத்துல துணி கிழியற மாதிரி சத்தம் வந்தா, ஊசி ஓடற பள்ளத்துக்குள்ள பிளாஸ்டிக் சரியா போய் நிரம்பலைன்னு அர்த்தம், ஃபேக்டரி குறை. எல்லா ரெக்கார்டும் அப்படி கத்தினா உங்க ஊசிய பாருங்க, லேபிள திட்டாதீங்க. ஆறு மாசம் கழிச்சு சொன்னா மாத்தி அனுப்ப அவங்ககிட்ட காப்பியே இருக்காது. பார்சல் பிரிக்கறப்பவே வீடியோ எடுத்து வச்சிருங்க, என் வீட்டுல அம்மாதான் கேமரா பிடிப்பாங்க, பாதி வீடியோல சீலிங் ஃபேன்தான் சுத்திட்டு இருக்கு.