ஸ்கா டிரம்ஸ்: வீட்டில் இசையமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கா ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை. வீட்டில் செய்த ஸ்கா டிராக்குகள் பலவற்றில் கிட்டார் ஸ்கா வாசிக்கும், டிரம்ஸ் ராக் வாசிக்கும். மென்பொருளில் முதலில் கைக்கு வருவது ராக் பீட்தான்: நான்கு தட்டில் ஒன்றிலும் மூன்றிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்). அதன்மேல் கிட்டாரை ஆஃப்பீட்டில், அதாவது இரு தட்டுகளுக்கு நடுவில், வைத்தால் ஸ்கா ஆகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 1960களின் ஜமைக்கா ஸ்காவில் கிக்கும் ஸ்னேரும் பெரும்பாலும் சேர்ந்தே விழும், இரண்டாம், நான்காம் தட்டுகளில். முதல் தட்டைப் பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும்.

மிருதங்கமோ தபலாவோ பழகியவர்களுக்கு இது வாயால் சொன்னாலே பிடிபடும். தட்டுக்கு ஒரு 'தகதிமி' சொல்லுங்கள். ஒவ்வொரு 'தி'யிலும் கிட்டார். இரண்டாவது, நான்காவது தகதிமியின் 'த'வில் கிக்கும் ஸ்னேரும். தடுமாறாமல் சொல்ல வரும்வரை கணினியைத் திறக்க வேண்டாம் என்பேன்.

ஹை-ஹாட்டை (ஜோடித் தாளத் தட்டுகள்) பொடிப்பொடியாக அடித்து நிரப்பினால் அந்தத் 'தி'யின் வெட்டு மறைந்துவிடும். தட்டுக்கு இரண்டு அடி போதும், 'தி'யில் சற்று அழுத்தம் கொடுங்கள். எல்லா அடியையும் மென்பொருளின் கட்டத்துக்குள் நேராக இழுத்து வைப்பதும் ஆகாது. ஸ்கா அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸின் ஷஃபிளிலிருந்து வளர்ந்தது, அந்தத் துள்ளல் இல்லாமல் உயிர் இருக்காது. துள்ளலின் அளவைக் காட்டும் ஸ்விங், பல மென்பொருள்களில் 50 சதவீதம் என்றால் நேர்நடை. 54 முதல் 58 வரை நகர்த்திக் கேளுங்கள். ஹை-ஹாட், கிட்டார், ஆர்கன் மூன்றுக்கும் ஒரே அளவு வையுங்கள், இல்லாவிட்டால் 'தி' இரண்டாகப் பிளந்து கேட்கும்.

ஒலி விஷயத்தில் 1960களின் ஜமைக்கா ஸ்கா குழுவான ஸ்கேட்டலைட்ஸின் டிரம்மர் லாயிட் நிப்பைத்தான் கேட்க வேண்டும். தடித்த ராக் ஸ்னேரும் நீண்ட ரிவெர்பும் (எதிரொலி) இங்கே ஒட்டாது. விளிம்பில் குச்சி படும் கிராஸ்-ஸ்டிக், அல்லது சுருதி ஏற்றிய இறுக்கமான ஸ்னேர் நல்லது. அன்றைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி) என்பதால், டிரம்ஸை இடம் வலமாக விரிக்காதீர்கள்.

1990களின் அமெரிக்க ஸ்கா-பங்கில் (ஸ்காவும் பங்க் ராக்கும் கலந்தது) ராக் டிரம்ஸே வரும், வேகமும் அதிகம். எந்தக் காலத்து ஸ்கா வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இனி சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள். எலக்ட்ரானிக் கிட் வாங்கிவிட்டால் சத்தம் வெளியே போகாது என்று நம்பாதீர்கள். கிக் பெடலின் இடி தரை வழியாக நேரே கீழ்வீட்டுக்குப் போகும். இரவில் கிக்கை விரலால் பேடில் தட்டியே பதிவு செய்யுங்கள். வீட்டிலேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற சிறு கான்கிரீட் பாதுகாப்பு அறைக்குள் ஸ்னேரைப் பதிவு செய்பவர்களும் உண்டு. வெறும் கான்கிரீட் சுவர்கள் நெருக்கமாக நிற்பதால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும், மிக்ஸிங்கில் அதைக் கழுவுவது பெரும்பாடு. உண்மையான டிரம்ஸ்தான் வேண்டுமென்றால், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டுடியோவுக்கு டிரம்மரோடு போய், கிளிக்கையும் (தாளம் காட்டும் டிக்டிக் ஒலி) கிட்டார் டிராக்கையும் ஹெட்போனில் கொடுத்து, டிரம்ஸை மட்டும் பதிவு செய்து வாருங்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே முடிக்கலாம்.