மின்விசிறியில் அடிபட்ட லவ் பேர்ட்ஸை வீட்டில் வைத்துத் தேற்றுவது எப்படி?

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜி என்னும் சிறு கிளிகள்தாம். இவை வீட்டில் அடிபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் கூரையில் சுழலும் மின்விசிறி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கூண்டைக் கழுவுவதற்காகக் கதவைத் திறந்த நேரத்தில் பெண் பறவை வெளியே பாய்ந்து, விசிறியின் இதழில் மோதி, சுவரோரம் போய் விழுந்தது. பதறிப்போன நான் முதலில் செய்ததே தவறு. கோழிக்குக் கால் ஒடிந்தால் ஊரில் செய்வதைப் போல, மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இறக்கையில் தடவிவிட்டேன். எண்ணெய் பட்ட இறகு உடற்சூட்டைத் தக்கவைக்காது. பறவை அலகால் கோதும்போது எண்ணெயும் மஞ்சளும் அதன் வயிற்றுக்குள்ளும் போகும். காயம் ஆறியபின்பும் வெகுநாள் அந்த இறகுகள் ஈரத்துணி போல ஒட்டியே கிடந்தன. ஆகவே கீழே உள்ள படிகளில், எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாமல் இருப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: பிடிப்பதற்கு முன்

விசிறியை நிறுத்துங்கள், சன்னல்களைச் சாத்துங்கள், பூனையோ நாயோ இருந்தால் வெளியேற்றிவிட்டு விளக்கை அணையுங்கள். அரையிருட்டில் பறவை அதிகம் படபடக்காது. மெல்லிய பருத்தித் துண்டை அதன்மேல் போர்த்தி, முதுகுப்புறமாகக் கையை வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்தின் இருபுறமும் வருமாறு தளர்வாகத் தூக்குங்கள். மார்பை மட்டும் அழுத்தக் கூடாது. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே ஓடும். பயத்தில் இறுகப் பிடித்தால், அடிபட்டதால் சாகாத பறவை நம் கைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடக்கூடும்.

படி 2: ரத்தத்தை நிறுத்துதல்

முப்பது முதல் நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜியின் உடலில் மொத்தமாக ஓடும் ரத்தமே ஏறத்தாழ 3 முதல் 4 மி.லி. வரைதான். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. எனவே கீழே விழும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு. நகம் ஒடிந்தோ அலகு நுனி சிதைந்தோ ரத்தம் வந்தால், சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளவர் மாவை ஒரு சிட்டிகை எடுத்து அந்த இடத்தில் ஒற்றி, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே துணியை விலக்கிப் பார்த்தால் உறைந்துவரும் ரத்தம் மறுபடி பிய்ந்துகொண்டு வரும்.

இறக்கையில் ரத்தம் கசிந்தால் சற்று உற்றுப் பாருங்கள். புதிதாக முளைத்துவரும் இறகின் தண்டு, கருநீலம் படிந்த மெல்லிய குழலாக, உள்ளே ரத்தம் நிறைந்து இருக்கும். அது முறிந்தால் காயம் சிறிதாகவே தோன்றினாலும் ரத்தம் நிற்காமல் வழியக்கூடும். அந்த இறகைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். பழக்கமில்லாதவர்கள் பிடுங்கவே வேண்டாம். மாவை ஒற்றி அழுத்திப் பிடித்தபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்வதுதான் நல்லது. தோல் கிழிந்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் மெதுவாகக் கழுவினால் போதும். டெட்டால், ஸ்பிரிட், களிம்பு ஆகிய எதுவும் கூடாது.

படி 3: இருட்டுப் பெட்டி

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, அடியில் மடித்த துண்டை விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடிவிடுங்கள். சத்தமில்லாத அறையில் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். முதலுதவி என்பதில் பாதிக்கு மேல் இதுதான். ஆனால் செய்வதற்குக் கடினமானதும் இதுதான். ஏனென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். பறவையைப் பொறுத்தவரை நம் முகம் நெருங்கி வருவதும் ஒரு தாக்குதலே.

சூடு கொடுப்பது பற்றி இணையத்தில் படிப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்குகள். அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பு தேவை என்பது உண்மை. ஆனால் சித்திரை வைகாசியில் நம் வீட்டு அறையே அந்த அளவைத் தாண்டி நிற்கும்போது தனியாக விளக்கு வைப்பது வாட்டுவதற்குச் சமம். மார்கழிக் குளிரிலோ மலையூர்களிலோ இருப்பவர்கள், வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியை மட்டும் ஒட்டி வைக்கலாம்; மறுபாதி குளிர்ச்சியாக இருந்தால் பறவை தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். உடலை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குளிர்கிறது என்றும், இறக்கையை உடலிலிருந்து விலக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்றும் புரிந்துகொள்ளுங்கள். தலையில் அடிபட்ட பறவைக்கு எந்தச் சூடும் கொடுக்க வேண்டாம்.

படி 4: வீட்டில் வைக்கலாமா, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

ரத்தம் நிற்காமல் இருந்தாலோ, தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலோ, எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. பூனை கவ்விய பறவை வெளிக்காயமே இல்லாமல் கலகலப்பாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமிகள் ஓரிரு நாளில் ரத்தத்தை நஞ்சாக்கிவிடும். கிருமிக்கொல்லி மருந்தைத் தாமதமின்றித் தொடங்கினால்தான் பிழைக்கும்.

இறக்கை ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கினாலும் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சென்னைவாசிகளுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இருப்பது பட்ஜி அல்லாமல், கழுத்தில் வளையம் உள்ள நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால், அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெருவில் அடிபட்டுக் கிடந்ததை எடுத்திருந்தால், மேற்கண்ட மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டு வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

படி 5: நோய்க்கூண்டு

இறக்கை முறிந்திருந்தால் மருத்துவர் அதை மடித்து உடலோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார். எங்கள் பறவைக்கும் அப்படித்தான் கட்டினார்கள். பழைய கூண்டிலேயே விட்டால் கம்பியைப் பற்றி ஏறும், ஏறியது விழும். ஆகையால் உயரம் குறைந்த சிறு கூண்டு ஒன்றில், ஊஞ்சலையும் உயரக் குச்சிகளையும் எடுத்துவிட்டு, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரே ஒரு குச்சியை மட்டும் வையுங்கள். அடியில் மணலோ மரத்தூளோ போடாமல் வெள்ளைத் தாளை விரித்தால் எச்சத்தையும் ரத்தக்கறையையும் உடனே கண்டுகொள்ளலாம். ஜோடிப் பறவையைப் பிரித்தே வையுங்கள். ஆனால் குரல் கேட்கும் தூரத்தில் வையுங்கள். எங்கள் ஆண் பறவை அடுத்த அறையிலிருந்து கத்தியபோதெல்லாம், கட்டோடு கிடந்த இது கழுத்தை நீட்டிப் பதில் கொடுத்தது.

அந்த அறையில் கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை நலமாக உள்ள பறவையையே நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால், சமையலறைக்கு எட்டிய இடத்தில் கூண்டை வைக்கவே வேண்டாம்.

படி 6: தீனி, தண்ணீர், மருந்து

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே இருப்பதால் ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். அகலமான புட்டிமூடியில் தண்ணீரை அலகுக்கு எட்டும்படி வைத்தால் அதுவே குடித்துக்கொள்ளும். தீனியைக் கிண்ணத்தில் வைப்பதைவிடத் தாளில் தூவிவிடுவது நல்லது. தினைதான் இவற்றுக்குப் பிடித்த தானியம். கதிராகக் கிடைத்தால் சோர்ந்த பறவையும் கொத்தும். ஊறவைத்த தினை, கொத்தமல்லித் தழை, சிறிது அவித்த முட்டை, கொறிக்கக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டுத் துண்டு ஆகியவை போதும். அவகேடோவும் சாக்லேட்டும் நஞ்சு.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றதால்தான் இந்தியக் கழுகினங்களான பிணந்தின்னிக் கழுகுகள் அழிவின் விளிம்புக்குப் போயின. கால்நடைகளுக்கு அதைத் தருவது 2006-இல் தடைசெய்யப்பட்டது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, அவர் சொன்ன சொட்டுக்கணக்கில், அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள்.

படி 7: நாள்தோறும் எடை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் அதுவே உங்கள் முதல் மருத்துவக் கருவி. பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். நாம் பார்க்கும்போது கொத்துவதுபோல் பாவனை செய்யும், ஆனால் உமி மட்டும்தான் உதிரும், உள்ளே ஒன்றும் போயிராது. தராசிடம் அந்த வித்தை பலிக்காது. தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் நிறுத்துக் குறித்து வாருங்கள். எங்கள் பறவை 33 கிராமிலிருந்து மூன்றாம் நாள் 31-க்கு இறங்கி, பிறகு நிலைத்து, மெல்ல ஏறியது. பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று கிராம் குறைந்திருந்தால் மறுபடி மருத்துவரிடம் போயிருப்போம்.

எச்சத்தையும் பாருங்கள். கரும்பச்சைச் சுருள், அதன்மேல் வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் சிறிது ஈரம் என மூன்றும் தெரிந்தால் குடல் இயங்குகிறது. வெள்ளைப்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், கருஞ்சிவப்பாகப் போனால், அல்லது நாள் முழுதும் மிகக் குறைவாகவே போனால் தாமதிக்க வேண்டாம்.

படி 8: கட்டு பிரித்த பிறகு

பறவையின் எலும்பு நம் எலும்பைவிட விரைவாகக் கூடும். சிறு பறவைகளின் இறக்கை முறிவு பெரும்பாலும் மூன்று வாரத்தில் சேர்ந்துவிடும். கட்டை நீங்களே அவிழ்க்காதீர்கள். பிரித்த அன்றே பறக்கவிடவும் கூடாது. பல நாள் மடங்கிக் கிடந்த மூட்டு விறைத்திருக்கும். முதலில் குச்சியை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்து, அது தாவி ஏறுகிறதா என்று பாருங்கள். நான்கைந்து நாள் கழித்து இன்னும் சற்று உயர்த்துங்கள். இரண்டு இறக்கைகளும் ஒரே உயரத்தில் மடிந்து அமர்ந்த பிறகு, மூடிய அறையில், கண்ணாடிச் சன்னலுக்குத் திரை போட்டுவிட்டுக் கூண்டைத் திறக்கலாம்.

எங்களுடையது முதல் நாள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் மட்டும் பறந்தது. அலமாரியின் மேல் ஏறியது ஒரு வாரம் கழித்துத்தான். அந்த அறையின் விசிறி சுவிட்சின் மேல் இப்போது ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறது. கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது வீட்டில் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.