மலைப்பக்கத் தன்னார்வலர்களுக்கு பிபி பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறீர்களா? முதலில் நேரத்தைப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், அதனால் வீடு வீடாகப் போய்ப் பழகுவதை அவர்கள் வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் வைக்க வேண்டும்.

படம் போட்டு விளக்குவதைக் குறைத்துவிட்டு, கருவியைக் கையில் கொடுத்துவிடுங்கள். மேடு ஏறி வந்தவரை, இப்போதுதான் கட்டன் சாயா குடித்தவரை உடனே அளக்கக் கூடாது. சாயாவோ புகையிலையோ முடிந்து அரை மணி நேரம், அப்புறம் முதுகு சாய்த்து பேசாமல் 5 நிமிடம். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்றவே கூடாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். 140/90 தாண்டினால் பயமுறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் இருந்தால் உடனே 108.

2021-ல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபின் மாத்திரை வீடு தேடி வருகிறது, சரி. ஆனால் "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க அம்மா" என்று கேட்கப் பழக்குங்கள், எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்கலாம்.