சிமுலேட்டரில் அடுத்து எங்கே பறக்கலாம்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர், அதாவது நிஜம்போல விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள், போட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். நானும் கீழக்கரையைத்தான் தேடினேன். கடற்கரை சரியாக இருந்தது, தெருக்களும் இருந்தன. கல்தூண்களோடு நிற்கும் பழைய ஜும்மா பள்ளியின் இடத்தில் மட்டும் ஏதோ ஒரு காங்கிரீட் கட்டடம். வீட்டுக்கு மேலே ரெண்டு வட்டம் அடித்தால் அந்த ஆசை தீர்ந்துவிடும். அப்புறம் யூடியூப் காட்டுகிற “உலகின் ஆபத்தான பத்து விமான நிலையங்கள்”. அதுவும் சீக்கிரம் சலிக்கும், ஏனென்றால் இறங்குகிற கடைசி சில நிமிடங்கள்தான் அதில் விறுவிறுப்பு. அதற்கு முன்னால் உள்ள நேரமெல்லாம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் இடம் பார்ப்பது வேறு கணக்கில். போகிற வழியில் கீழே பார்க்க என்ன இருக்கிறது, அந்த ஊருக்குப் போக எனக்கு என்ன காரணம், இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தால்தான் இன்ஜினைக் கிளப்புவேன்.

முதலில் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். கடையைச் சாத்தி, இஷா தொழுது, சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். செஸ்னா 172 என்கிற சின்ன விமானம் மணிக்கு ஏறத்தாழ 110 கடல் மைல் போகும் (ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர்). அப்படியென்றால் ஓர் இரவுக்கு 150 கடல் மைல்தான் நம் எல்லை. லிட்டில் நேவ்மேப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. புறப்படும் இடத்தைச் சுற்றி அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுக்கும். வட்டத்துக்குள் கடலோரம், ஆறு, மலை, ரயில் பாதை எது வருகிறது என்று பாருங்கள். வெறும் நீலமோ வெறும் பொட்டலோ வந்தால் வேறு ஊரிலிருந்து தொடங்குங்கள்.

நம்ம கரைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை மதுரையில் ஏறி, பாம்பன் போய், தூத்துக்குடியில் இறங்குவது. மதுரையிலிருந்து பாம்பன் தென்கிழக்கே சுமார் 75 கடல் மைல். அங்கிருந்து தூத்துக்குடியும் கிட்டத்தட்ட அதே தூரம். மதுரையை விட்டதும் வைகையைப் பிடித்துக்கொண்டால் வரைபடமே வேண்டாம். மானாமதுரை, பரமக்குடி என்று ஆறு கூட்டிக்கொண்டு வரும். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய கண்மாய் தெரியும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது. நிஜத்தில் அந்தப் பக்கம் நம்மால் தலைகாட்ட முடியாது, சிமுலேட்டரில் யாரும் கேட்கமாட்டார்கள். அதைத் தாண்டி மண்டபம் வந்ததும் 1,500 அடிக்கு இறங்கிவிடுங்கள். இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல், நடுவில் பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலம், 1988-ல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலம் மூன்றும் கட்டிய இடம் அது. தூக்குப்பாலத்தின் இரும்புக் கோபுரங்களை சிமுலேட்டர் அச்சாகக் காட்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் அது தானாகப் போட்டுக்கொள்ளும் பாலம்தான் பல இடங்களில் இருக்கும்.

பாம்பனில் திரும்பித் தூத்துக்குடியை நோக்கிக் கரையோரமாகவே போங்கள். இந்தத் திசையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செஸ்னாவில் விமானியின் இருக்கை இடப்பக்கம். தென்மேற்கே போகும்போது கடலும் இடப்பக்கம். எனவே மன்னார் வளைகுடாத் தீவுகள் ஒவ்வொன்றாக உங்கள் சன்னல் வழியாகவே வரும்: குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முசல் தீவு, எங்கள் ஊருக்கு நேரே அப்பா தீவு, கடைசியில் தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு. தூத்துக்குடியிலிருந்து கிளம்பினால் இதெல்லாம் வலப்பக்கம் போய்விடும், கழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கணக்குக்கு 21 தீவுகள், அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் கடலுக்குள் போய்விட்டன. மிச்சத்தை எண்ணிக்கொண்டே போங்கள். மணல் திட்டுகளை சிமுலேட்டர் சில சமயம் தண்ணீராக்கிவிடும் என்பதால் கணக்கு உதைக்கலாம். ஆனால் எண்ணுகிற வேலை இருக்கும்வரை தூக்கம் வராது.

இன்னொரு வழி, பழைய பயணம் ஒன்றைப் பிடித்துப் போவது. போட் மெயில் தெரியும்தானே? சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்ட பிறகு அந்தப் பாதை அறுந்துவிட்டது. சிமுலேட்டரில் அதை முழுதாகப் போகலாம். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை, அங்கிருந்து மணல் திட்டுகளின் மேலே 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அப்புறம் தண்டவாளத்தைப் பிடித்து மன்னார், மதவாச்சி, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு ரத்மலானை. இது ஒரே இரவில் முடியாது, ரெண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவு என்றால் பாம்பனிலிருந்து வடகிழக்கே திரும்பி யாழ்ப்பாணம் பலாலியில் இறங்கிவிடலாம், 60 கடல் மைல்தான்.

இதேபோல 1932 அக்டோபர் 15-ல் போன டாட்டா தபால் விமானப் பாதையும் அருமையானது. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். ஒற்றை இன்ஜின் ‘புஸ் மாத்’ விமானம். சின்ன விமானம் எதுவானாலும் எடுத்து, இரவுக்கு ஒரு துண்டாகப் பறந்து பாருங்கள். டாட்டா இறங்கிய அதே ஜுஹு இன்றும் சிமுலேட்டரில் இருக்கிறது.

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். காக்கா (அண்ணன்) ஓமனின் சலாலாவில் இருக்கிறார். ஜூலையில் போன் போட்டால் “இங்க ஒரே தூறல், மலையெல்லாம் பச்சை” என்பார். இங்கே தென்கடலைப் புரட்டிப் போடும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே மலையில் மூடுபனியாக உட்காருகிறது. லைவ் வெதரை (அந்த நேரத்து நிஜ வானிலையைக் காட்டும் வசதி) போட்டு ஜூலை, ஆகஸ்டில் சலாலாவுக்குப் போங்கள். வடக்கே மலையே தெரியாது, மேகம்தான் தெரியும். துபாயில் ஆள் இருந்தால் அங்கிருந்து ஓமனின் கசப் வரை போய்ப் பாருங்கள். 75 கடல் மைலுக்குள்தான். கடல் மலைக்குள் கை நீட்டியதுபோல் நுழைந்திருக்கும், ஓடுபாதை அந்த மலைகளுக்கு நடுவே.

வாப்பா கல் வியாபாரத்துக்கு ஹாங்காங் போய்வந்தவர். அவருக்கு விமானம் என்றாலே பழைய கை டாக் நிலையம்தான். அது 1998 ஜூலையில் மூடப்பட்டது, எனவே சிமுலேட்டரில் தானாக வராது. ஆட்-ஆன், அதாவது தனியாகச் சேர்க்கும் கூடுதல் கோப்பு, இறக்கிப் போட வேண்டும். 13-ஆம் ஓடுபாதைக்கு வரும்போது, சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட குன்று ஒன்று நேர் எதிரே வரும். அதைப் பார்த்ததும் ஆட்டோபைலட்டை விட்டுக் கையால் வலப்பக்கம் 47 டிகிரி திருப்பி, கவுலூன் வீடுகளின் மேலேயே இறங்க வேண்டும். ஒருநாள் வாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். திருப்பியதும் வலது இறக்கை சாய்ந்து மாடிகள் கிட்டே வந்தன. “இன்னும் கீழடா” என்றார். “துணி காயப்போட்டது தெரியணும்.” இன்னும் கீழே போனால் மோதிவிடும் என்றேன். “அப்பவும் அப்படித்தான் நெனச்சோம்” என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் முதன்முதலில் இறங்கிய நிலையம் எது என்று கேளுங்கள்.

ஊர் முடிவானதும் ஓடுபாதையின் நீளத்தையும் உயரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லே 10,000 அடிக்கு மேலே இருக்கிறது, அங்கே செஸ்னா மூச்சு வாங்கும். நிஜத்திலும் மதியத்துக்கு மேல் காற்று மோசம் என்பதால் காலையில்தான் பெரும்பாலும் விமானங்கள் போகின்றன, நீங்களும் காலையில் போங்கள். லட்சத்தீவின் அகத்தியில் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர், தீவின் தென்முனையை அப்படியே அடைத்துக்கொண்டிருக்கும். இறங்கும் அழகு சொல்லி முடியாது. ஆனால் கொச்சியிலிருந்து ஏறக்குறைய 250 கடல் மைல், வழியெல்லாம் தண்ணீர். செஸ்னாவில் போனால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கொட்டாவிதான். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏடிஆர் என்கிற பயணிகள் விமானத்தை எடுங்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

வெயிலையும் கவனியுங்கள், சூரியன் தேதிப்படி சரியான இடத்தில்தான் நிற்கும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், மாலை ஆறு மணிக்கு மேற்கு நோக்கி இறங்கினால் கண் கூசி ஒன்றும் தெரியாது. தீவுகள் பார்க்கப் போகிறவர்கள் காலை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழை மேகம் வேண்டுமென்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்று காலம்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் தரைப் படங்களை இணையத்திலிருந்துதான் இழுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் அமைப்புகளில் டேட்டாவுக்கு வரம்பு வைத்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் பிளைட்கியர் என்கிற இன்னொரு சிமுலேட்டர் இலவசம், போகப்போகும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு வரிக் காரணம். ஸ்காட்லாந்தின் பார்ரா அதில் இருக்கிறது: கடற்கரை மணலே ஓடுபாதை, கடல் ஏறினால் அது தண்ணீருக்குள் போய்விடும், அலை பார்த்துத்தான் விமானமே வரும். கரையில் வளர்ந்தவனுக்கு அது போதும். நேபாளத்தின் லுக்லாவுக்கு எதிரே எழுத “எல்லோரும் போகிறார்கள்” என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அதை எடுத்துவிட்டேன்.